சோப்புக்குப் பதில் சாஃப்ட்வேர்

மேனேஜர் மூக்கைச் சுருக்கிக்கொண்டு கணினித் திரையைப் பார்த்தார். மூக்கைச் சுருக்க வேண்டிய இடம் அதுவா? கதவைத் திறந்தால் கூடம். கூடத்தில் நாற்பத்திரண்டு கட்டில்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கிழவரோ கிழவியோ, அவர்களுக்குக் கீழே பத்து நாளாக மாற்றாத விரிப்பு. அங்கே போய் நின்று சுருக்கியிருந்தால் ஒரு நியாயம் இருந்திருக்கும். அந்த மனுஷனோ கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, யாரோ துரத்துவது போல இந்தக் கதவில் நுழைந்து அந்தக் கதவில் வெளியேறுகிற ஆள்.

"இந்தப் பெட்ஷீட் ஏன் இப்படித் தெரியுது?" என்றார்.

"அது அப்படித்தான் சார் இருக்கு" என்றாள் கலர் மேடம்.

கலர் மேடம் என்பது அந்த முதியோர் இல்லத்து ஆயாக்கள் அவளுக்கு வைத்த பெயர். அதற்கு முன்பு ஏழு வருஷம் கல்யாண ஆல்பம் போடும் லேபில் படங்களின் நிறத்தைச் சரிசெய்யும் வேலை பார்த்தவள். லேபை மூடியதும் இங்கே வந்தாள். தினமும் காலையில் ஒவ்வொருவரையும் ஒரு படம் எடுத்து, பத்து மணிக்குள் அவரவர் பிள்ளைகளின் போனுக்கு அனுப்ப வேண்டும். பிள்ளைகள் எல்லாம் தூர தேசங்களில். காலையில் ஒரு போட்டோ வந்துவிட்டால் அவர்களுக்கு அன்றைய கடமை முடிந்தது.

முந்தைய நாள் ஒரு மகன் எழுதிக் கேட்டிருந்தான், அம்மா படுத்திருக்கும் விரிப்பு என்ன நிறம் என்று. அந்த ஒரு வரிதான் மேனேஜரை இங்கே கொண்டுவந்து உட்கார வைத்திருந்தது.

"மூணு சாஃப்ட்வேர் இறக்கி வச்சிருக்கேன். மூணும் ட்ரையல். எது நல்லதுன்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்க. ஒரே கண்டிஷன், விரிப்பு வெள்ளையா தெரியணும்."

"துவைச்சா வெள்ளையா தெரியும் சார்."

"வாஷிங் மெஷின் ரிப்பேர்ல இருக்கு."

"மூணு மாசமாவா?"

"நீங்க கலரை மட்டும் பாருங்க மேடம்."

அட, இப்படியும் ஒரு பிறவியா! சோப்புக்குப் பதில் சாஃப்ட்வேர் தேடும் ஆளை அவள் அன்றுதான் பார்த்தாள். எழுந்து போய்விடலாமா என்று தோன்றியது. போய் என்ன செய்வது? வீட்டில் அவள் கணவர் வேறு சொல்லிக்கொண்டே இருப்பார், "உனக்கு எதைப் பார்த்தாலும் குமட்டல். ரோஜாப்பூவை நீட்டினாலும் மூக்கைப் பொத்துவே." அதனால் வாயை மூடிக்கொண்டு வேலையில் இறங்கினாள்.

முதல் சாஃப்ட்வேர் உண்மையில் நல்ல சரக்கு. ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாக ஏற்றலாம், இறக்கலாம். ஆனால் ஒரு படத்துக்குக் கால் மணி நேரம் பிடித்தது. நாற்பத்திரண்டு படத்தையும் அப்படிச் செய்தால் காலைப் படம் ராத்திரிதான் போய்ச் சேரும். இரண்டாவது எல்லாவற்றையும் தானே செய்கிறேன் என்று வந்தது. செய்த லட்சணத்தைப் பார்க்க வேண்டுமே! சுருக்கம் எல்லாம் போய், நாற்பத்திரண்டு பேரும் மெழுகு பூசிய ஆப்பிள் மாதிரி பளபளத்தார்கள். மீசை வைத்த ஒரு பெரியவருக்கு உதட்டுச் சாயம் வேறு பூசி விட்டிருந்தது. விரிப்பை மட்டும் தொடவேயில்லை. "கருமம்" என்று சொல்லி அதை அப்போதே கணினியிலிருந்து தூக்கி எறிந்தாள்.

மூன்றாவதுதான் கெட்டிக்காரத்தனமானது. படத்தில் ஓர் இடத்தைத் தொட்டு 'இதுதான் வெள்ளை' என்று சொல்லிவிட்டால் போதும், மற்ற நிறமெல்லாம் அதை அனுசரித்து நகர்ந்துகொள்ளும். அவள் விரிப்பைத் தொட்டாள். மூத்திரக் கறை, மருந்துக் கறை, அலசிய தண்ணீரின் மண் நிறம் எல்லாம் ஒரு நொடியில் காணாமல் போயின. மேனேஜர் கை தட்டினார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவள் கை சும்மா இருக்கவில்லை. அந்த சாஃப்ட்வேரில் இன்னொரு வசதி இருந்தது. ஒருவரின் முக நிறத்தை ஒரு படத்தில் காட்டிக்கொடுத்துவிட்டால், பிறகு எத்தனை படம் வந்தாலும் அந்த முகத்தை அதே நிறத்துக்கு இழுத்து நிறுத்தும். ஆல்பக்காரர்களுக்கு இது வரப்பிரசாதம். மண்டபத்து விளக்கில் ஒரு நிறம், வெயிலில் ஒரு நிறம் என்று மணப்பெண் பக்கத்துக்குப் பக்கம் மாறினால் ஆல்பத்தை மூஞ்சியில் எறிந்துவிட்டுப் போவார்கள். முதல் பக்கத்து முகம்தான் கடைசிப் பக்கம் வரை வர வேண்டும். ஏழு வருஷப் பழக்கம். யாரும் கேட்காமலே நாற்பத்திரண்டு முகங்களையும், விரிப்பு வெளுத்ததில் கொஞ்சம் ரோஸ் ஏறியிருந்த அன்றைய நிறத்தில் பதிவு செய்து வைத்தாள். வேலை சுத்தமாக இருக்கட்டுமே என்று ஒரு நினைப்பு.

"இதுதான் சார் சரி" என்றாள்.

மறுநாளே பாராட்டு வந்து குவிந்தது. கை கூப்பும் படங்கள், இதயப் படங்கள், 'இல்லம் பளிச்சென்று இருக்கிறது, நன்றி' என்று கடிதம் போலச் சில. பதினேழாம் கட்டில் கண்டக்டரின் மகள் எழுதியிருந்தாள்: 'அப்பாவுக்கு இந்த வயசில் கன்னம் எல்லாம் ரோஸா இருக்கே! நல்லா பார்த்துக்கறீங்க.'

கண்டக்டர் முப்பத்தைந்து வருஷம் பஸ்ஸில் விசில் ஊதியவர். வாய் சும்மா இருக்காது. அவள் கேமராவோடு வந்தாலே, "வந்துட்டியா? பொணத்துக்குப் பவுடர் போட இவ்வளவு காலையிலேயா வர்றது?" என்பார். மகளின் பாராட்டை ஆயா படித்துக் காட்டியபோது விழுந்து விழுந்து சிரித்தார். "நான் ரோஸாம்! என் சம்சாரம் உயிரோட இருந்தா இந்த ரோஸை எவகிட்ட வாங்கினேன்னு விளக்குமாத்தைத் தூக்கியிருப்பா."

அவளுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் நின்று சிரிக்க முடியவில்லை. அந்தக் கூடத்தில் அவள் வேலை செய்யும் விதமே வேறு. வாசலில் மூச்சை இழுத்துப் பிடிப்பாள். கட்டில் கட்டிலாக ஓடுவாள். கேமராவின் சின்னத் திரையில் தலை சட்டத்துக்குள் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து அமுக்குவாள். மூச்சு முட்டும்போது ஜன்னலோரம் போய் நின்று மறுபடி இழுத்துக்கொள்வாள். முகத்தை முகமாக அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. மேனேஜராவது பரவாயில்லை, அவர் கைக்குட்டை வெளியில் தெரிந்தது.

மூன்று வாரம் இப்படியே போயிற்று. அதற்கு அடுத்த நாள் கூடத்தில் எலக்ட்ரீஷியன் ஏணி போட்டு டியூப் மாற்றிக்கொண்டிருந்தான். எல்லோரையும் வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு வந்து படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். வராந்தாவில் நல்ல காற்று. மூச்சைப் பிடிக்க வேண்டிய அவசியம் இல்லை. கண்டக்டரைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து ஆயா நிறுத்தினாள். அவர் பவுடர் பேச்சு எதுவும் பேசவில்லை. தலையைக்கூடத் தூக்கவில்லை.

"என்ன கண்டக்டரய்யா, விசில் சத்தத்தையே காணோம்?" என்று கேட்டுக்கொண்டே குனிந்தாள்.

அவர் நிமிர்ந்தார். காலை வெளிச்சம் நேராக அவர் முகத்தில் விழுந்தது. கண்ணில் வெள்ளை என்று ஒன்று இல்லவே இல்லை. இரண்டு விழியும் நல்ல மஞ்சள். முகம் மஞ்சள், கழுத்து மஞ்சள், உள்ளங்கை மஞ்சள். இரண்டு முழங்கையையும் மாறி மாறிச் சொறிந்துகொண்டிருந்தார். சொறிந்த இடமெல்லாம் ரத்தக் கோடு.

"அரிக்குதும்மா" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

"என்ன ஆயா இது? எத்தனை நாளா இப்படி?"

ஆயாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என்கிட்ட கேளுங்க! ரெண்டு வாரமா மூத்திரம் கறுப்பு டீ மாதிரி போறார். சாப்பாடு இறங்கலை. நான் மேனேஜர்கிட்ட சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம். நீங்க தினமும் எதிர்ல நின்னு போட்டோ புடிக்கிறீங்களே மேடம், உங்களுக்குத் தெரியலையா?"

அவள் ஓடிப்போய்க் கணினியைத் திறந்தாள். சாஃப்ட்வேர் தொடுவதற்கு முந்தைய அசல் படங்கள் தனியாக ஒரு போல்டரில் கிடந்தன. பதினேழாம் கட்டிலை மட்டும் வரிசையாக எடுத்து வைத்தாள். முதல் ஐந்து நாள் சாதாரண மாநிறம். ஆறாம் நாள் லேசான மஞ்சள். பிறகு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே வந்தது. அனுப்பிய படங்களைப் பக்கத்தில் போட்டாள். இருபத்தொரு நாளும் ஒரே முகம், ஒரே ரோஸ். மனுஷன் மஞ்சளாக ஆக, அவள் போட்டு வைத்த வசதி அவரை இழுத்து இழுத்து முதல் நாள் நிறத்தில் நிறுத்தியிருந்தது. கல்யாணப் பெண்ணை நிறுத்துவது போல.

வாஷ்பேசினுக்குப் போய் வாந்தி எடுத்தாள். இந்தத் தடவை விரிப்பின் நாற்றத்தால் அல்ல.

மேனேஜர் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவள் சொன்னதைக் கேட்டும் டம்ளரைக் கீழே வைக்கவில்லை.

"நான் கேக்காம இருப்பேனா? சாப்பிட மாட்டேங்கறார், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாமான்னு பத்து நாள் முன்னாடியே அந்தப் பொண்ணுக்கு எழுதினேன். என்ன பதில் வந்துச்சு, நீங்களே பாருங்க."

போனை நீட்டினார். 'போட்டோ பார்த்தேன். போன மாசத்தைவிட நல்லாவே இருக்கார். சாப்பாட்டு விஷயத்தில் அப்பா எப்பவும் நடிப்பார். இந்த வயசில் ஆஸ்பத்திரிக்கு இழுத்து அலைக்கழிக்க வேண்டாம்.'

"பிள்ளைங்க எழுத்துல சம்மதம் குடுக்காம நாம யாரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப முடியாது. ரூல்."

"அப்ப இன்னொரு தடவை எழுதுங்க சார். மஞ்சள் காமாலை மாதிரி இருக்குன்னு எழுதுங்க."

"எழுதினா? இத்தனை நாள் அனுப்பின போட்டோ என்னன்னு கேப்பா. அவ கேட்டா மத்த நாப்பத்தோரு பேரும் கேப்பாங்க. அடுத்த வாரம் டாக்டர் வருவார், பார்த்துக்கலாம். இன்னிக்குப் போட்டோவை எப்பவும் போல அனுப்பிடுங்க."

த்தூ! என்று துப்ப வேண்டும் போல வந்தது. துப்பினால் யார் மேல் துப்புவது? சாஃப்ட்வேரைத் தேர்ந்தெடுத்தது யார்? இவர் கேட்டது விரிப்பை. முகத்தைக் கொடுத்தது அவள்.

வராந்தாவுக்குத் திரும்பிப் போனாள். பிரிண்டரிலிருந்து உருவிய ஒரு வெள்ளைத் தாளைக் கண்டக்டரின் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். பார்க்கிறவளுக்குச் சந்தேகமே வரக்கூடாது, எது வெள்ளை, எது மஞ்சள் என்று. கண் இரண்டும் நன்றாகத் தெரிய எடுத்தாள். எந்த சாஃப்ட்வேரிலும் போடாமல், ஆபீஸ் போனிலிருந்து அப்படியே மகளுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள். உள்ளே மற்ற படங்கள் காத்துக் கிடந்தன. கிடக்கட்டும்.

ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது.

'இன்னிக்கு கலர் ரொம்ப மோசம். அப்பா மஞ்சளா தெரியறார். தாளை ஏன் பிடிச்சிருக்கார்? தயவுசெய்து பழைய கேமராவையே யூஸ் பண்ணுங்க.'

அவள் அதை இரண்டு தரம் படித்தாள். பெற்ற அப்பனின் கண்ணைவிட அந்த சாஃப்ட்வேரை நம்புகிறாளே, இவளெல்லாம் ஒரு மகளா என்று பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த நொடியே அது தணிந்தும் போயிற்று. அப்படி நம்ப வைத்தது யார்? அதே போனில் ஸ்பீக்கரைப் போட்டு மகளின் எண்ணை அழுத்தினாள். சத்தம் கேட்டு மேனேஜர் வெளியே வந்துவிட்டார்.

"ஹலோ, போட்டோ செக்ஷனா? மெசேஜ் பார்த்தீங்களா?" என்றது மகளின் குரல்.

"பார்த்தேன்மா. கலர் சரியாத்தான் இருக்கு. உங்கப்பாவுக்குத்தான் உடம்பு சரியில்லை. கண்ணு, கை எல்லாம் மஞ்சள். உடம்பு பூரா சொறிஞ்சு புண்ணாக்கி வச்சிருக்கார். ஆஸ்பத்திரிக்குச் சம்மதம்னு ஒரு வரி எழுதுங்க. இப்பவே எழுதுங்க. ஆம்புலன்ஸை நான் கூப்பிடறேன்."

"என்ன சொல்றீங்க? நேத்துகூட நல்லாத்தானே இருந்தார்?"

"போட்டோல நல்லா இருந்தார்."

அந்தப் பக்கம் எழுத்துகளைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு போன் ஒருமுறை அதிர்ந்தது. சம்மதம் வந்திருந்தது, அவசரத்தில் எழுத்துகள் எல்லாம் முன்னும் பின்னுமாக. அவள் ஆயாவைப் பார்த்துத் தலையசைத்தாள். ஆயா ஆம்புலன்ஸுக்குப் பேசத் தன் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

"அப்பா பக்கத்துல இருக்காரா? பேச முடியுமா அவரால?"

"இருக்கார். பேசற நிலைமையில இல்லை."

"எத்தனை நாளா இப்படி இருக்கார்?"

மேனேஜர் எதிரே வந்து நின்று ஒற்றை விரலைக் காட்டினார். இன்று ஒரு நாள்தான் என்று சொல்லச் சொல்லிக் கண்ணை உருட்டினார். அவள் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். இப்போது எதிரே கண்டக்டர் இருந்தார். வெள்ளைத் தாளை இன்னும் கன்னத்திலேயே பிடித்துக்கொண்டிருந்தார், எடுக்கச் சொல்ல யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அவள் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"பதினாறு நாளாம்மா. கன்னம் ரோஸா இருக்குன்னு எழுதினீங்களே, அது நான் போட்டது."