விருந்தாளிக்கு எங்கள் ஊர்ச் சொல்

எதிரே உட்கார்ந்திருந்தவன்மேல் கந்தப்பனுக்குச் சந்தேகம் வந்தது இரண்டாவது டீக்குப் பிறகுதான்.

கந்தப்பன் காலையில்தான் எலப்புள்ளியிலிருந்து குமுளிக்கு வந்து இறங்கியிருந்தான். அவன் ஏற்றிப்போக வேண்டிய முதலாளியின் ஆறு மூட்டை ஏலக்காய் பொன்ராஜின் ஸ்டோரில் கிடந்தது. போன மாதம் டிரங்க் காலில் சொன்ன ரகசியச் சொல்லை எவனோ ஒட்டுக்கேட்டு, அதையே சொல்லிச் சரக்கை ஏற்றிப் போய்விட்டான். அதனால் இந்தத் தடவை புது ஏற்பாடு. பொன்ராஜ் தெக்கத்திக்காரர். அவர் தம் பேச்சில் ஏதாவது ஒன்றைக் கேட்பார். வந்தவன் அதற்கு எலப்புள்ளிப் பக்கத்துச் சொல்லைச் சொல்ல வேண்டும். வந்ததும் ஒன்று, எடை போட்டதும் ஒன்று, லாரியில் ஏற்றுமுன் ஒன்று. பதில் சரிதானா என்று சொல்ல அவர் மனைவி ராமாத்தாள் இருந்தாள், பிறந்தது அதே பக்கத்து நல்லேப்பிள்ளி. இந்தச் சரக்கும் போனால் ஊர்ப்பக்கமே வராதே என்று முதலாளி சொல்லியிருந்தார்.

நல்லமுத்து என்ற இந்த ஆள் பஸ் ஸ்டாண்டிலேயே ஒட்டிக்கொண்டான். ஸ்டோர் ஆளாம். தராசுக்காரன் வரப் பதினொரு மணி ஆகுமாம். டீக்கடையில் உட்காரவைத்துவிட்டு எங்கோ போனான். திரும்பி வந்து, வீட்டின் பின்பக்கத்தை உங்கள் ஊரில் எப்படிச் சொல்வீர்கள் என்று பேச்சுவாக்கில் கேட்டான். பொடக்காலி என்றான் கந்தப்பன். சிரித்துவிட்டு வெற்றிலை வாங்கப் போனவன் அரைமணி கழித்து வந்து, திருவிழாவுக்கு என்ன பெயர் என்றான். நோம்பி என்றதும் மறுபடி எழுந்து போனான்.

மூன்றாம் தடவை வந்தபோது சட்டையில் சணல் நார் ஒட்டியிருந்தது. தராசுக்காரனே வராத ஸ்டோரில் இவன் எந்தச் சாக்கைத் தூக்கினான்?

"விருந்தாளியை என்னண்ணே சொல்வீக?"

ஒறம்பரை என்பது நுனிநாக்குவரை வந்துவிட்டது. கந்தப்பன் விழுங்கிக்கொண்டான்.

"கரட்டான்னு சொல்லுவமுங்க."

அவர்கள் ஊரில் கரட்டான் என்றால் ஓணான். எழுந்து போனவனைப் பின்தொடர்ந்தான்.

ஸ்டோர் வாசலில் லாரி நின்றது. ஆறு மூட்டையும் தைத்துத் தயாராக இருந்தன. நல்லமுத்து பொன்ராஜிடம் நிமிர்ந்து நின்று, "கரட்டான்" என்றான்.

உள்ளேயிருந்து பெண்குரல் வந்தது. "ஏனுங்க, அவனைப் புடிங்க. எங்கூட்டுல ஓணானுக்கு யாரும் எலை போட்டதில்லீங்க."

சுமைகாரர்கள் அவனை மடக்கினார்கள். பொன்ராஜ் இப்போது கந்தப்பன் பக்கம் திரும்பினார். "நீ யாருப்பா? அவன் கூட்டாளியா? விருந்தாளிக்கு நீ சொல்லு."

இன்று கந்தப்பனிடம் சொல் கேட்டவர்களில் இவர் இரண்டாவது ஆள்.

"உங்களையும் நான் இன்னைக்குத்தான் பாக்கறனுங்க. உள்ள இருக்கற அக்கா கேக்கட்டும், சொல்றேன்."

உள்ளிருந்து கேட்ட அந்த இழுவைப் பேச்சை மலைக்காரர் யாராலும் நடிக்க முடியாது என்று அவனுக்குத் தெரியும். ராமாத்தாள் வெளியே வந்து கேட்டாள்.

"ஒறம்பரைங்க."

அவள் டீ கொண்டுவந்தாள். கந்தப்பன் வேண்டாம் என்றான். மூட்டைகளை மறுபடி எடை போடச் சொல்லிவிட்டு, தராசு முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றான்.