வயிற்றுவலி

சங்கிலி ஓடிக்கொண்டிருந்தது. பதினோரு நொடிக்கு ஒரு கிடா. தலைகீழாகத் தொங்கி, கழுத்திலிருந்து கடைசி ரத்தம் சொட்ட, சுவர் மூலையில் திரும்பி அவனிடம் வரும். அந்த மூலையில் வலக்கைக்காரன் நின்றால் முழங்கை சுவரில் இடிக்கும். அதனால்தான் இடக்கையனுக்கு அந்த இடம். ஒன்பது வருடமாக அதே ஈரத் தரை. வலக்கையில் இரும்பு வளையங்களால் பின்னிய கையுறை, இடக்கையில் கத்தி. விரைகளை அறுத்து வாளியில் எறிய வேண்டும். பிறகு அடிவயிற்றைக் கிழிக்க வேண்டும். இரண்டு வீச்சு. அடுத்தது.

"ஏ இடக்கை! உன் சம்பந்தி வர்றாரு பாரு!" என்று கொக்கி கத்தினான். கிடாக்களின் கால்களைக் கொக்கியில் மாட்டுவது அவன் வேலை. பேரும் அதுவாகவே நின்றுவிட்டது. "ஒத்தைக்காரரு! இன்னொண்ண வீட்லயே பூட்டி வெச்சிட்டு வந்திருக்காரு!"

வரிசை முழுவதும் சிரித்தது. ஒரு விரை இறங்காமல் வயிற்றுக்குள்ளேயே தங்கிவிட்ட கிடா மாதத்துக்கு ஒன்றிரண்டு வரும். அன்று முழுக்க அதே பேச்சுதான். இடக்கையனும் சிரித்தான். மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே சிரித்தான். கிழித்த வயிற்றுக்குள் கையை விட்டுத் துழாவினான். பட்டாணி அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. பிடுங்கித் தரையில் எறிந்தான்.

அவன் பையனுக்கும் அப்படித்தான். வலப்பக்கம் இறங்கவில்லை. பிறந்த மூன்றாம் நாளே மருத்துவர் சொல்லிவிட்டார். ஆறு மாதத்தில் தானாக இறங்காவிட்டால் ஒரு வயதுக்குள் அறுத்து இறக்கி வைத்துத் தைக்க வேண்டும். அப்போதே செய்தால் சின்ன வேலை என்றார். மூன்று முறை தேதி கிடைத்தது. தகப்பன் கையெழுத்துப் போட்டுக் கூடவே இருக்க வேண்டும் என்றார்கள். மூன்று முறையும் சூப்பர்வைசர் ஒரே பதில்தான் சொன்னார்.

"தாராளமா மூணு நாள் லீவு எடுத்துக்க. நாலாவது நாள் வராத."

பையனுக்கு எட்டு வயதாகிவிட்டது. போன வருடம் ஒருநாள், குழாயடியில் குளிக்கும்போது, பக்கத்து வீட்டுப் பையனிடம் இவன் கால்சட்டையை இறக்கிக் காட்டி, "எனக்கு ஒண்ணுதான்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். வேலை முடிந்து வந்த இடக்கையன் அதைக் கேட்டான். அறுப்புக்கூடத்தில் கேட்கும் சிரிப்பு மொத்தமும் ஒரே நேரத்தில் காதில் விழுந்தது. கத்தி உறை தொங்கும் இடுப்புப் பெல்ட்டை அங்கேயே உருவினான். பையனின் தொடையில் பெல்ட் வளையம் பட்ட இடம் பிய்ந்தது.

"இனிமே எவனுக்காச்சும் காட்டுவியா? எவன்கிட்டயாச்சும் சொல்லுவியா? டாக்டரே கேட்டாலும் வயித்து வலின்னு சொல்லு. என்னாடா சொல்லுவ?"

"வயித்து வலி."

"சத்தமா!"

"வயித்து வலி! வயித்து வலிப்பா!"

அவன் மனைவி குறுக்கே விழுந்து தடுத்தாள். அவளுக்கும் இரண்டு அடி விழுந்தது. அன்று இரவு அவன் பையனின் தொடைக்கு மருந்து போட்டான்.

அறுப்புக்கூடத்தின் வாசலில் ஒரு மரப்பெட்டி இருந்தது. காலை ஆறு மணிக்கு உள்ளே நுழையும்போது எல்லோரும் அதில் போனைப் போட வேண்டும். பூட்டிச் சாவியைச் சூப்பர்வைசர் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். இரண்டு மணிக்குத் திறப்பார். யாரோ கூடத்தை வீடியோ எடுத்து வெளியே விட்டதிலிருந்து அந்த ஏற்பாடு. பன்னிரண்டு மணிக்கு அரைமணி இடைவேளை. அப்போது வாசல்வரை போகலாம். பெட்டி திறக்காது.

அன்று பன்னிரண்டு மணிக்குச் சங்கிலி நிற்கவில்லை. கூடுதலாக ஒரு லாரி கிடா வந்திருந்தது. "முடிச்சிட்டு மொத்தமா தின்னுங்க, ஓடியா போகுது சோறு" என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டுப் போனார். பட்டியில் கிடாக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கத்தின. படுத்துவிட்ட ஒன்றைப் பூட்ஸ் காலால் முகத்தில் உதைத்து எழுப்பினார்.

ஒன்றரை மணிக்குத் தோல் கொட்டகைக்குப் போன கொக்கி ஓடி வந்தான். அவன் முகத்தில் கேலி இல்லை.

"இடக்கை, உன் வீட்டுக்காரம்மா வாசல்ல நிக்குது. பையன் தரைல கெடக்கான். பதினொன்றரைலேர்ந்து நிக்குதாம்டா. வாட்ச்மேன் உள்ள விடலியாம்."

கத்தி கையிலிருக்க, பாதி கிழிந்த கிடாவை அப்படியே விட்டுவிட்டு ஓடினான். அவனுக்குப் பின்னால் சங்கிலி ஓடி, கிழிக்காத கிடாக்கள் ஒன்றின்மேல் ஒன்று மோதின.

வாசலில் அவள் மண்ணில் உட்கார்ந்திருந்தாள். பையன் அவள் மடியில் முழங்காலை நெஞ்சோடு ஒட்டிச் சுருண்டு கிடந்தான். உதடு வெளுத்திருந்தது. சட்டையில் வாந்தி.

"எட்டு மணிக்கு ஸ்கூல்ல ஆரம்பிச்சிருக்கு," என்றாள். அழுது முடித்த குரல். "வயித்து வலின்னு சொல்லியிருக்கான். என்னக் கூப்பிட்டு விட்டாங்க. பக்கத்து டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போனேன். கால்சட்டைய இறக்கப் போனாரு, கையக் கடிச்சிட்டான். சூட்டு வலி, சரியாப்போயிடும்னு ஊசி போட்டு அனுப்பிட்டாரு. வீட்டுல நான் பாக்கப் போனா என்னையும் விடல. அப்பா சொன்னாத்தான் காட்டுவேன்னு ஒரே பிடிவாதம். போனப் போட்டேன், போட்டேன், போட்டுட்டே இருந்தேன். கேட்டுச்சா உனக்கு?"

"பன்னெண்டு மணிக்கு விட்ருவாங்க, இரும்மான்னுதான் சொன்னேன்," என்றான் வாட்ச்மேன். "பெட்டி அதிர்ந்துட்டேதான் இருந்துச்சு. சாவி என்கிட்ட இல்லப்பா. சூப்பர்வைசர்கிட்டயும் போய்ச் சொன்னேன்."

இடக்கையன் பையன் முன்னால் மண்டியிட்டான்.

"கண்ணு. அப்பாதான் சொல்றேன். காட்டு. எங்க வலிக்குது?"

பையன் சுற்றி நின்றவர்களைப் பார்த்தான். பிறகு அப்பாவின் இடுப்பைப் பார்த்தான். அங்கே அதே பெல்ட், அதே உறை.

"வயித்துலதாம்ப்பா," என்றான். "வயித்து வலிதான். நான் யார்கிட்டயும் சொல்லலப்பா."

பெல்ட்டைக் கழற்றி வீசிவிடலாம் என்று அவன் வளையத்தில் கை வைத்தான். பையன் வீறிட்டான். இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு அம்மாவின் வயிற்றுக்குள் முகத்தைப் புதைத்தான்.

அப்போதுதான் சூப்பர்வைசர் வந்தார். "எவன்டா லைன விட்டுட்டு வந்தது? உள்ள எல்லாம் முட்டிக்கிட்டு நிக்குது. புள்ளைக்கு வயித்து வலின்னா பொண்டாட்டி பாக்க மாட்டாளா? இதுக்கெல்லாமா சங்கிலிய நிறுத்துவாங்க?"

இடக்கையன் எழுந்தான். கத்தியைக் கீழே போட்டான். வலக்கை இரும்புக் கையுறையோடு சூப்பர்வைசரின் வாயில் இறங்கியது. ஒரு பல் மண்ணில் விழுந்தது. இரண்டாவது அடியில் அவர் சுவரோடு சாய்ந்தார். மூன்றாவது அடி மரப்பெட்டிக்கு. நான்கு, ஐந்து, ஆறு. பலகை பிளந்து போன்கள் கொட்டின. அவனுடையது முகம் மேலே தெரிய விழுந்தது. தவறிய அழைப்புகள் இருபத்தேழு. அவன் போனையே மிதித்தான். கொக்கி பின்னாலிருந்து இடுப்போடு கட்டிப் பிடித்தான்.

"போதும்டா! அந்தாளு செத்துருவான்டா! புள்ளையத் தூக்கு, வண்டிய எடுக்கச் சொல்றேன்!"

இறைச்சி வண்டியின் பின்புறம், தொங்கும் உடல்களுக்குக் கீழே, மூவரும் உட்கார்ந்து போனார்கள். வண்டி திரும்பும்போதெல்லாம் குளிர்ந்த மாமிசம் அவன் தோளில் இடித்தது. அவளும் அவனும் சேர்ந்து பையனின் கைகளை விலக்கிக் கால்சட்டையை இறக்கினார்கள். வலது தொடை இடுக்கில் கோழிமுட்டை அளவுக்குச் சிவந்து வீங்கியிருந்தது. அதற்குக் கீழே பை காலியாகச் சுருங்கிக் கிடந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் இளம் டாக்டரம்மா ஒருத்தி ஒரே பார்வையில் கண்டுகொண்டாள்.

"எப்ப ஆரம்பிச்சது?"

"எட்டு மணிக்கு."

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு பத்து. அவர்களிடம் வேறொன்றும் கேட்காமல் அறுவை அறையைத் தயார் செய்யச் சொல்லி ஓடினாள்.

நாலு மணிக்கு வெளியே வந்தாள். அவன் ரத்தம் காய்ந்த உடுப்போடு நின்றிருந்தான். கூடத்தின் நாற்றத்துக்கு வரிசையில் இருந்தவர்கள் தள்ளிப் போயிருந்தார்கள்.

"இறங்காத விரை முறுக்கிக்கிச்சு. ரத்தம் போற குழாய் மூணு சுத்து. கறுத்துப் போச்சுங்க. எடுத்துட்டோம்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "பன்னெண்டு மணிக்கு வந்திருந்தாக்கூட காப்பாத்தியிருக்கலாம். இன்னொண்ணு நல்லா இருக்கு. அது முறுக்காம இருக்கத் தச்சு வெச்சிருக்கோம். அது ஒண்ணே போதும், பெரியவனானா எந்தக் குறையும் இருக்காது. ஆனா வருஷா வருஷம் கூட்டிட்டு வந்து காட்டணும். வளர்ந்ததும் அவனே தொட்டுப் பாத்து, வித்தியாசம் தெரிஞ்சா சொல்லணும். சொல்ல வெக்கப்படாமப் பாத்துக்கங்க. ஒரு வயசுலயே செஞ்சிருக்கணுமே, ஏன் விட்டீங்க?"

அவன் தன் கைகளைப் பார்த்தான். கையுறை இன்னும் வலக்கையில் இருந்தது. கழற்ற மறந்திருந்தான்.

முதலாளி போலீசுக்குப் போகவில்லை. போனால் பெட்டிக் கதையும் வெளியே வரும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். இருபத்திரண்டு நாள் மூலைக்கு ஆள் தேடினார்கள். வந்த வலக்கைக்காரர்களில் ஒருவன் தன் மணிக்கட்டையே அறுத்துக்கொண்டான். அத்தனை நாளும் அந்த இடத்தில் சங்கிலி மெதுவாகவே ஓடியது. இருபத்து மூன்றாம் நாள் கொக்கியை அனுப்பினார்கள்.

"எல்லார் முன்னாடியும் அவர்கிட்ட மன்னிப்புக் கேக்கணுமாம். அவ்வளவுதான். வர்றியா?"

பையன் மூலையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தான். நடக்கும்போது இன்னும் காலை அகட்டினான்.

"வலிக்குதாடா?"

"இல்லப்பா."

"எங்க வலிச்சாலும் சொல்லணும். யார்கிட்ட வேணாலும் சொல்லு. தெரியுதா?"

"சரிப்பா," என்றான் பையன், அவன் இடுப்பைப் பார்த்து. பெல்ட் அங்கே இல்லை. கத்தி உறையைக் கயிற்றில் கட்டியிருந்தான்.

அவன் மன்னிப்புக் கேட்டான். உதட்டில் தையல் தழும்போடு சூப்பர்வைசர் கேட்டுக்கொண்டார். பிறகு வாசலைக் காட்டினார். அங்கே தகரத்தில் செய்த புதுப்பெட்டியைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள்.

"நீ ஒடச்சது. நீயே மாட்டு."

துளை போட்டு, நான்கு திருகாணி முடுக்கி அவனே மாட்டினான். இரவல் போனைத் தானே முதலில் உள்ளே போட்டான். மற்றவர்கள் அவன் முகத்தைப் பார்க்காமல் வரிசையாகப் போட்டார்கள். பூட்டு விழுந்தது.

பத்து மணி இருக்கும். கிடாக்களின் சத்தத்துக்கு நடுவே வாசலிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. மரப்பெட்டியில் அமுங்கிப் போகும் போன் சத்தம் தகரத்தில் கூடம் முழுக்க அதிர்ந்தது. நின்றது. மறுபடி தொடங்கியது. யாருடைய போன் என்று தெரியவில்லை. நாற்பது கத்திகள் அந்தரத்தில் நின்றன. கொக்கி தன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான். அங்கே ஒன்றுமில்லை.

சூப்பர்வைசர் பட்டியிலிருந்து நடந்து வந்தார். பெட்டிப் பக்கம் திரும்பவில்லை. சுவரிலிருந்த விசைப்பிடியைப் பிடித்து ஒரு கோடு மேலே தள்ளினார். சங்கிலி வேகம் பிடித்தது. மூலையில் திரும்பி வந்த கிடா இடக்கையனின் நெஞ்சில் மோதியது.