நாலு வீட்டுக்கு ஒரு வீடு

புள்ளியியல் தாளில் வகுப்பிலேயே முதலாவதாக வந்த அனுசுயாவுக்கு, பாபநாசம் பக்கத்துத் தெரு ஒன்று தண்ணி காட்டியது. கணவன் வெளிநாடு போனபின் வயலைப் பற்றி வீட்டில் யார் முடிவெடுக்கிறார்கள் என்பதுதான் அவளுடைய எம்.ஏ. ஆய்வு. நாலு வீட்டுக்கு ஒரு வீடாகக் கேட்க வேண்டும். அப்போதுதான் ஆள் பார்த்துப் பொறுக்கியதாக ஆகாது. புத்தகத்தில் இது அரைப் பக்கம்.

தெருவிலோ, அவள் கேட்காமல் தாண்டிப் போன வீட்டுக்காரர்கள் முதல் நாளே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். போய் நின்ற வீட்டு ரெத்தினம் அம்மாளும் பதில் தர மறுத்துவிட்டாள்.

"பத்திரிகை வைக்க வர்றவங்ககூட ஒரு வீட்டை விட மாட்டாங்கம்மா. அவங்களை விட்டுட்டு நான் மட்டும் பேசினா, நாளைக்கு அவங்க முகத்துல எப்படி முழிக்கிறது?"

எரிச்சலோடு பேராசிரியர் துரைராசுவுக்குப் போன் போட்டாள். எல்லா வீட்டிலும் கேட்டுவிடு, நாலுக்கு ஒன்று என்ற மாதிரியில் வராத வீட்டுத் தாள்களைத் தூக்கிப் போட்டுவிடு என்றார். வெயிலில் அலைவது அவரா என்ன? கேட்ட இடமெல்லாம் ஒரே பல்லவி: அவர் தினம் போன் பண்ணுவார், அவர் சொன்னபடிதான் நடவும் அறுப்பும்.

சௌந்தரநாயகியின் வீடு தூக்கிப் போடவேண்டிய வீடுகளில் ஒன்று. சும்மா கிறுக்கிவிட்டுக் கிளம்பலாம் என்றுதான் அனுசுயா உட்கார்ந்தாள். முதல் கேள்விக்கே சௌந்தரநாயகி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"அவர் போன் பண்ணி ரெண்டு வருஷம் ஆச்சு. விதை வாங்குறது, ஆள் விடுறது எல்லாம் என் முடிவுதான். அவர் சொன்னார்னு சொன்னாத்தான் ஆளுங்க வேலைக்கு வர்றாங்க. தெருவுல யாருக்கும் தெரியாது. உங்ககிட்டதான் சொல்றேன், எழுதிக்குங்க."

அனுசுயா ஒரு வார்த்தை விடாமல் எழுதினாள். வாசலுக்கு வந்ததும் மறுபடி போன் போட்டு, இந்த ஒரு வீட்டை மட்டுமாவது சேர்க்கிறேன் சார் என்று கெஞ்சினாள். பிடித்த பதிலைச் சேர்த்தால் அதுவும் பொறுக்குவதுதானே என்று அவர் நிதானமாகக் கேட்டார். அவர் சொன்னது சரி. அதுதான் அவளுக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. தேர்வில் அவளே எழுதிய பதில் அது. இன்னும் எத்தனை வீட்டில் போன் வருவதே இல்லையோ. அவளுடைய அட்டவணையில் மட்டும் எல்லாக் கணவர்களும் தினம் பேசுவார்கள்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், கதவைத் திறந்துகொண்டு சௌந்தரநாயகி.

"கணக்குல நானும் வருவேன்ல?"

"வருவீங்கக்கா" என்றாள் அனுசுயா, அந்தத் தெருக்காரி போலவே முகம் மாறாமல்.