ஆவாரையைத் திருப்பிப் பார்த்தவள்

சுங்குவார்சத்திரத்தில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்த சுகப்பிரியா, சாலையோரத்து ஆவாரைச் செடியருகே ஒரு பெண் குனிந்து நிற்பதைக் கண்டாள். பூப்பறிக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் அந்தப் பெண் பூவைத் தொடவில்லை. இலைக்காம்பைத் திருப்பி, அது தண்டோடு சேரும் இடத்தில் காதுமடல்போல ஒட்டியிருக்கும் செதிலை விரலால் நீவினாள். தாவரவியல் படித்தவர்கள்தான் அப்படிப் பார்ப்பார்கள்.

"வேலு?"

நிமிர்ந்தவள் முகக்கவசத்தை இறக்கினாள். வேல்விழியேதான். திருநெல்வேலிக் கல்லூரியில் சுகப்பிரியாவோடு ஒரே பெஞ்சில் இருந்தவள். அப்பா இறந்ததும் மூன்றாம் வருடம் வராமலே போனவள்.

"ஏட்டி சுகா, நீ எங்க இங்க?"

"போன் கம்பெனில லைன்ல நிக்கேன். நீ?"

"ஒரகடத்துல கார் சீட்டு தைக்கேன்."

வேல்விழி ஒரு பூவை உள்ளங்கையில் வைத்துப் பிரித்தாள். ஐந்து மஞ்சள் இதழ்கள். பத்து மகரந்தத் தாள்கள். அவற்றில் மேல் மூன்றும் வளராமல் குட்டையாக இருந்தன.

"சரக்கொன்றையில கீழ் மூணும் தூண்டில் மாதிரி வளைஞ்சிருக்கும். இதுல அப்படி இல்ல. அதான் இது காசியா பேரினம் இல்ல, சென்னா."

"நாம காசியான்னு எழுதி, சார் அடிச்சுத் திருத்துனாருல்லா," என்று சுகப்பிரியா சிரித்தாள்.

அன்று வகுப்பில் ஒப்படைக்கப் பறித்த ஆவாரைக் கிளையைச் செய்தித்தாளில் வைத்து, விடுதி மெத்தைக்கடியில் போட்டு, அதன்மேலேயே இருவரும் படுத்துக் காயவைத்திருந்தார்கள்.

"நான் போனப்புறம் அத என்ன செஞ்ச?"

"ரெண்டு பேரு பேரையும் போட்டுத்தான் சார்ட்ட குடுத்தேன். இன்னும் காலேஜ் பீரோவுலதான் இருக்கும்."

வேல்விழி பிரித்த பூவை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள். "ஞாயித்துக்கிழம லீவா?" என்று கேட்டாள்.

அந்த ஞாயிறு இருவரும் பிள்ளைப்பாக்கம் ஏரிக்கரைக்குப் போனார்கள். மண்டியிட்டு இலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம், மாடு ஓட்டிவந்த செந்தாமரை என்ற ஊர்க்காரப் பெண் நின்று கேட்டாள்.

"இன்னாம்மா தேடிக்கினு கீறீங்க?"

"இந்தச் செடியப் பாக்கோம்க்கா. இதுவும் ஆவாரை ஜாதிதான்," என்றாள் வேல்விழி.

"தகரைம்மா அது. கொழுந்தா கிள்ளிக்கினு போய்ப் பொரியல் பண்ணுங்க, நல்லாருக்கும்."

துப்பட்டா நிறையக் கிள்ளினார்கள். வேல்விழியின் அறையில் தேங்காய் இல்லாமல் வதக்கியது லேசாகக் கசந்தது. இருந்தாலும் சட்டியில் மிச்சம் வைக்கவில்லை.