ரிசீவரில் ஒரு தட்டு

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல, என் வீட்டு ரவுட்டரில் உதித்தது. கம்பெனிக்காரன் இன்டர்நெட்டோடு கொடுத்த பெட்டி மாடிக்கு சிக்னல் தரவில்லை என்று, கடையில் நானே ஒரு ரவுட்டர் வாங்கி மாட்டினேன். நெட் பறந்தது. அதே இன்டர்நெட்டில் ஓடும் வீட்டு போன்தான் படுத்துவிட்டது. மணி அடிக்கும், எதிர்முனையில் பேசுவது கேட்கும், நான் பேசுவது மட்டும் அங்கே போகாது. என் மைத்துனர், “ஏனுங் மாப்ள, இருக்கீங்களா இல்லியா?” என்று கத்தியதை முழுவதும் கேட்டுக்கொண்டு மரம் மாதிரி நின்றேன்.

எனக்கு நடந்ததால் அது வெறும் எரிச்சல். வேறொருவருக்கு நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தேன்.

(கஸ்டமர் கேரில் சொன்னார்கள்: “நீங்களா வாங்குன ரவுட்டருக்கு நாங்க பொறுப்பில்லீங்க சார்.” இந்தக் கதைக்கும் நான் மட்டுமே பொறுப்பு.)

2.

முதல் தொடக்கம்: “திருப்பூரில் பனியன் தைக்கும் ஆயிரமாயிரம் பெண்களில் ஒருத்தியான சித்ராதேவி...” வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.

இரண்டாவது: “குகனின் பேச்சு நின்றுபோன அன்று வானம்...” சே! வானத்துக்கு இங்கே என்ன வேலை?

நேராகவே சொல்கிறேன். குகன் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அவர் டேபிளில் நின்று ஒருத்தனைத் திட்டினால், அத்தனை மிஷின் சத்தத்தையும் தாண்டி வாட்ச்மேனுக்குக் கேட்கும். அந்த மனிதருக்குப் போன வருடம் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின, பேச்சும் போயிற்று. சொன்னால் எல்லாம் புரியும், திருப்பிச் சொல்லத்தான் வராது.

அவர் மனைவி சித்ராதேவிக்கு வேறொரு கம்பெனியில் செக்கிங் வேலை. அங்கே செல்போனை கேட்டில் வாங்கி வைத்துக்கொண்டு, டீ டைமுக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும் தருவார்கள். கைக்கு வந்ததும் வீட்டு போனுக்கு அடிப்பாள். டச் போனில் குகனுக்கு விரல் நிற்காது. ஆனால் வீட்டு போனின் ரிசீவரை இடது கையால் எடுத்துவிடுவார். எடுத்து, ஆள்காட்டி விரல் நகத்தால் அதன்மேல் தட்டுவார். ஒரு தட்டு என்றால் ஆமாம். இரண்டு தட்டு என்றால் இல்லை.

“டீ குடிச்சீங்களா?” டொக். “கை வலிக்குதுங்களா?” டொக் டொக்.

இவ்வளவுதான் அவர்கள் பேச்சு. நான் பக்கம் பக்கமாக எழுதுகிறவன், இந்த இரண்டு பேரையும் பார்த்து வாயடைத்துப் போயிருக்கிறேன்.

3.

சித்ராதேவி மேல் எனக்கொரு சந்தேகம். இவ்வளவு நல்லவளாக ஒருத்தி கதையில் இருக்கலாமா? வாசகர்கள் சிரிக்கமாட்டார்களா? ஒரு கெட்ட குணம் கொடுத்துப் பார்ப்போம் என்று பக்கத்து டேபிள்காரியோடு சண்டை போட வைத்தேன். அந்தச் சண்டையிலும் நியாயம் இவள் பக்கமே வந்து நின்றது. எழுதியதைக் கோடு போட்டு அடித்துவிட்டேன்.

சரி, அந்த நாளுக்கு வருவோம். அவர்கள் மகள் மதுமதி, மாடியில் உட்கார்ந்து ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு வேலை பார்க்கிறவள், அன்று காலை புது ரவுட்டர் மாட்டினாள். இன்டர்நெட் கம்பெனிக்காரன் கொடுத்த பழைய பெட்டியை வீட்டு போனுக்காக மட்டும் அதன் பின்னால் இணைத்தாள். செல்லில் இருந்து அடித்துப் பார்த்தாள், வீட்டு போனில் மணி அடித்தது. போதும் என்று விட்டுவிட்டாள். பேசிப் பார்க்கவில்லை.

டீ டைமில் சித்ராதேவி அடித்தாள். எடுத்தார்.

“டீ குடிச்சீங்களா?”

சத்தமில்லை.

“ஏனுங்க?”

மத்தியானமும் அப்படியே. பயந்துபோய் மதுமதிக்கு அடித்தாள். அவள் மாடிப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “அப்பா நல்லாத்தான் இருக்காருங்கம்மா. போனைக் காதுல வெச்சுட்டு உக்காந்திருக்காரு. எனக்கு மீட்டிங் போகுது, வெச்சர்றேன்.”

நன்றாக இருக்கிறார், ஆனால் தட்டவில்லை. அப்படியென்றால் கோபம். காலையில் ஊட்டிவிடும்போது, “வெரசா முழுங்குங்க, வேன் போயிரும்” என்று கத்தினாளே, அதுதான். மத்தியானச் சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டாள்.

4.

சாயங்கால டீயை வாங்கிக்கொண்டு பீஸ் மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றாள்.

“ஏனுங்க, கோவமுங்களா? தட்டலீன்னா போகுது, கேளுங்க. முந்தியெல்லாம் வாய் ஓயாம கத்துவீங்கல்லொ, அப்ப ஒருநா பூண்டிக் கோயில்ல நின்னு, சாமி, இந்த மனுசன் வாயைக் கொஞ்சம் மூடுன்னு வேண்டிக்கிட்டனுங்க. நெசமாவே வேண்டிக்கிட்டனுங்க. அப்பறம் உங்களுக்கு இப்படி ஆயிப்போச்சு. நாந்தான் பண்ணிப்போட்டனோன்னு தெனமும்...”

(இந்த வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. நானும் முடிக்கப்போவதில்லை.)

“அந்தச் சத்தம் கேக்கலீன்னா எனக்கு டீ எறங்க மாட்டீங்குதுங்க. ஒருக்கா தட்டுங்களே.”

அதே நேரம் வீட்டில் மதுமதி டீ போடக் கீழே இறங்கினாள். அப்பா ரிசீவரைக் காதோடு அழுத்தியபடி அழுதுகொண்டிருந்தார். விரல் நிற்காமல் தட்டியது. இரண்டு, இரண்டு, இரண்டு. இல்லை, இல்லை, இல்லை. ரிசீவருக்குள் இருந்து அம்மாவின் குரல், “தட்டுங்களே” என்றது.

மதுமதிக்குச் சுரீர் என்றது. ரிசீவரைப் பிடுங்கி, “அம்மா! அப்பா தட்டிட்டுத்தான் இருக்காரு!” என்று கத்தினாள். அந்தப் பக்கம் கேட்கவில்லை. கம்பெனியில் பெல் அடித்து, சித்ராதேவியின் செல் மறுபடி கேட் வாட்ச்மேனிடம் போய்விட்டது.

5.

கொஞ்சம் கட்டுரை. சில ரவுட்டர்களில் எஸ்.ஐ.பி. ஏ.எல்.ஜி. என்று ஓர் அமைப்பு உண்டு. இன்டர்நெட் வழியாகப் போகும் போன் பேச்சுக்கு உதவத்தான் அதை வைத்தார்கள். சில வீடுகளில் அது செய்யும் உதவியால் ஒரு பக்கத்துக் குரல் வழியிலேயே தொலைந்துவிடும். அணைத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகும். ஆகாவிட்டால் இன்டர்நெட் கம்பெனிக்காரன் கொடுத்த பெட்டியை முன்னாலும் நம் ரவுட்டரைப் பின்னாலும் மாட்ட வேண்டும்.

மதுமதி தேடிக் கண்டுபிடித்து அணைத்தாள். நானும் என் வீட்டில் அதைத்தான் செய்தேன். போன் சரியானதும் எனக்கு மைத்துனரின் வசவு கிடைத்தது.

6.

வேலை விட்டு கேட்டில் செல்லை வாங்கியதும் சித்ராதேவி மகளின் மெசேஜைப் பார்த்தாள். “போன்லதான் கோளாறும்மா. அப்பா நாள் பூரா தட்டிட்டேதான் இருந்தாரு. இப்பக் கூப்புடுங்க.”

அடித்தாள். எடுத்தார்.

“ஏனுங்க?”

டொக்.

சித்ராதேவி கேட்டோரம் அப்படியே குந்தி உட்கார்ந்து சிரித்தாள், அழுதாள். வேன்காரர் ஹாரன் அடித்தார். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“நா சாயங்காலம் பேசுனது... உங்களுக்குக் கேட்டுச்சுங்களா?”

ஒரு தட்டு எழுதினேன். அவர் உண்மை பேசுகிறவர், மறைக்கத் தெரியாதவர். அதோடு, கேட்டது என்று சொன்னால்தானே அவளை மன்னிக்கவும் முடியும். ஆனால் அந்த வேண்டுதல் அவருக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அடித்தேன். இரண்டு தட்டு எழுதினேன். பொய்தான், அவளை நிம்மதியாக வேனில் ஏற்றிவிடும் பொய். ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பாரத்தை அவள் தனியாகவே சுமக்க வேண்டும். அதையும் அடித்தேன்.

அவளைப் பற்றி எனக்குக் கவலையில்லை, எதையும் தாங்குவாள். நாளெல்லாம் கேட்காத போனில் தட்டிக்கொண்டிருந்த மனிதரின் விரலை நான் பிடித்து ஆட்ட முடியாது. என் கையை எடுத்துக்கொள்கிறேன்.

ரிசீவர் இப்போது உங்களிடம் இருக்கிறது. அவள் காத்திருக்கிறாள். மெதுவாகத் தட்டினாலும் போதும், இப்போது கேட்கும்.