மயிரிழைக் கோடுகள்

மனைவியின் தையல் கடைக்குப் பெயர்ப்பலகையை மாட்டி முடித்த எழுத்துரு வடிவமைப்பாளன், ஏணியிலிருந்து இறங்காமலேயே கொஞ்ச நேரம் அதை ரசித்தான், பெற்ற பிள்ளைக்குத் தானே கண் வைக்கிற தகப்பனைப் போல. செங்குத்துக் கோடுகள் தூண்களாகத் தடித்து நின்றன. அவற்றை இணைக்கும் கோடுகள் மயிரிழையாக ஓடின. முனைகளில் கத்தி நுனி போலச் சின்னச் சின்னப் பாதங்கள். பெரிய தலைப்புகளுக்கென்று அவன் வருடக்கணக்கில் வரைந்த எழுத்து. எந்த நிறுவனமும் இன்னும் வாங்கவில்லை. முதல் வாடிக்கையாளர் மனைவிதான். அவளுக்கும் வேறு வழியிருக்கவில்லை.

கடை நன்றாகப் போவதாகத்தான் தோன்றியது. மாலையில் அவன் டீ வாங்கிக்கொண்டு போகும்போதெல்லாம் மிஷின் கடகடத்துக்கொண்டிருக்கும். "எப்படிப் போகுது?" என்பான். "நிமிர நேரமில்ல" என்பாள். எல்லாம் பலகை ராசி என்று மனதுக்குள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வான்.

குட்டை உடைத்தவள் மச்சினிச்சி.

"மாமா, அக்கா சீப்புக் கடையா வெச்சிருக்கா?"

"ஏன்?"

"எதிர்ப்பக்கம் பஸ்ஸுக்கு நின்னேன். வரிசையா கறுப்புக் குச்சிதான் தெரியுது. பக்கத்துல இருந்தவர் ஜெயில் கம்பிங்கறார்."

"உனக்குக் கண்ணு சரியில்ல."

"சரி. அப்ப ஊருக்கே கண்ணாடி வாங்கிக் குடுங்க."

அவள் போனதும், ஒன்றும் நடக்காதது போலச் சாலையைக் கடந்து திரும்பிப் பார்த்தான். கணினித் திரையில் விரல் தடிமனுக்குப் பெரிதாக்கியே வரைந்து பழகிய கோடுகள், ஒரு சாலை அகலத்தில் காற்றோடு போயிருந்தன. தூண்கள் மட்டும் நின்றன, கூரை பறந்த வீடு மாதிரி.

கடைக்குள் மிஷின் கடகடத்தது. உள்ளே போய் அவள் கையிலிருந்த துணியை எடுத்தான். பச்சைத் தலையணை உறை. நேற்றும் இதுதான். யோசித்தால், போன வாரமும் இதேதான். பிரித்துப் பிரித்துத் தைத்ததில் ஓரமெல்லாம் சல்லடையாகியிருந்தது.

"யாருமே வரலையா?"

"வந்தாங்களே. ஒருத்தர் சீப்பு கேட்டார்."

சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "சொல்லியிருக்கலாமில்ல?"

"எப்படிச் சொல்றது? ஏணியில நின்னு அதைப் பார்த்தீங்களே ஒரு பார்வை. கல்யாணத்தன்னிக்குக்கூட என்னை அப்படிப் பார்க்கல."

மறுநாள் காலை கறுப்பு பெயின்ட்டோடு ஏணியில் ஏறினான். முதல் மயிரிழைக்கு மேல் தூரிகை அப்படியே நின்றது.

"மனசு வரலன்னா விடுங்க," என்றாள் கீழிருந்து. "வாசல்ல ரெண்டு சட்டையைத் தொங்க விட்டுக்கறேன்."

"நீ எதிர்ல போய் நில்லு. படிக்க முடிஞ்சா அந்த உறையை ஆட்டு."

அவள் போய் நின்றாள். அவன் கோட்டின்மேல் கோடு வைத்தான். உறை அசையவில்லை. இன்னொரு பூச்சு. ஆடியது. உடனே அவள் சில அடி பின்னால் போய், உறையைத் தாழ்த்திக்கொண்டு காத்திருந்தாள். மறுபடி தடித்தான். மறுபடி ஆட்டினாள். மறுபடி பின்னால் போனாள். பஸ் நிறுத்தத்தைத் தாண்டினாள். மருந்துக் கடையைத் தாண்டினாள். தெருமுனையில் இப்போது முகம்கூடத் தெரியாமல், துளைகளில் வெயில் மினுங்கும் பச்சைப் புள்ளி ஒன்று மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அங்கிருந்து படிக்கத்தான் முடிகிறதா, சும்மா வம்பிழுக்கிறாளா என்று அவனால் சொல்ல முடியவில்லை. தூரிகையை மறுபடி தோய்த்துக்கொண்டான்.