இரண்டு ஊரில் ஒரு மூங்கில்

டெல்லி சாணக்யபுரியில் ஒரு விருந்தினர் மாளிகையின் தோட்டக்காரர் அய்யாசாமிக்கு, மரங்கள் பேசிக்கொள்ளும் என்பதில் சந்தேகமே கிடையாது. இல்லாவிட்டால் சாலையோர வேம்புகள் எல்லாம் ஒரே வாரத்தில் இலை உதிர்க்க எந்த ஆபீசிலிருந்து சர்க்குலர் வந்தது என்று கேட்பார்.

அவர் உயிரை வைத்திருந்தது பின்பக்கத்து மூங்கில் புதரில்தான். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் அவர் டெல்லிக்குக் கிளம்பியபோது, திருச்சி வீட்டுக் கொல்லையிலிருந்த புதரைத் தம்பி ஜம்பு கடப்பாரையால் இரண்டாகப் பிளந்தான். ஒரு பாதியை ஈரச் சாக்கில் சுற்றி ரயிலேற்றிவிட்டான். அதைத்தான் இவர் இங்கே நட்டு வளர்த்தார்; மறுபாதி அங்கேயே இருந்தது.

பனிமூட்டக் காலைகளில் புதருக்குள் போய் நின்றால், எந்த ஊரில் நிற்கிறோம் என்பதே அவருக்கு மறந்துவிடும். தலைக்கு மேல் இலைகள் ஏதோ முணுமுணுக்கும். மண்ணுக்கடியில் ஆறுகளைத் தாண்டி, அந்தப் பாதியோடு இந்தப் பாதி பேசிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்வார். அவை பேசின, அண்ணன் தம்பிதான் பேசவில்லை. ஜம்பு வேறு சாதியில் லதாவைக் கட்டிக்கொண்டான் என்று இவர் கல்யாணத்துக்குப் போகவில்லை, ஒரு தந்திகூட அடிக்கவில்லை. பதினான்கு வருடமாயிற்று. கோபமெல்லாம் எப்போதோ வடிந்து, வெறும் வீம்புதான் மிச்சம்.

2003 பிப்ரவரியில் ஒருநாள் காலை அவர் அண்ணாந்து பார்த்தபோது, கணுவுக்குக் கணு நெற்கதிர் மாதிரி ஏதோ தொங்கிக்கொண்டிருந்தது. மூங்கில் பூத்துவிட்டது. ஆயுளில் ஒரே ஒரு முறை பூக்கும், பூத்தால் அப்படியே பட்டுப்போகும். ஒரே வேரிலிருந்து பிரிந்தவை எந்த ஊரில் இருந்தாலும் ஒரே சமயத்தில்தான் பூக்கும். பனியில் மகரந்தம் மெல்ல இறங்கி அவர் தோளில் படிந்தது. அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அங்கயும் பூத்திருக்கும்" என்றார் மனைவி தமிழ்செல்வியிடம். "அதுவும் போச்சுன்னா எங்களுக்குள்ள என்னடி இருக்கு?"

"என்கிட்ட ஏன் கேக்குறீங்க? பொங்கலுக்குப் பொங்கல் நானும் லதாவும் பேசிக்கிட்டுதான் இருக்கோம்." நம்பரைச் சீட்டில் எழுதி அவர் கையில் திணித்தாள். "ஜல்தி போங்க."

எஸ்.டி.டி. பூத்தில் மூன்று தடவை போட்டும் எங்கேஜ்டு. "பிஸி ஆ ரஹா ஹை, சாச்சாஜி" என்றான் கடைக்காரன். அய்யாசாமிக்குச் சுருக்கென்றது. நமக்கு இது வேண்டியதுதான் என்று முனகிக்கொண்டே திரும்பி நடந்தார்.

ரிசப்ஷன் சுரேஷ்குமார் வாசலுக்கே ஓடிவந்தான். "அண்ணே, எங்க போயிட்டீங்க? திருச்சியிலேர்ந்து போன். பத்து நிமிஷமா லைன்லயே இருக்காரு. அப்புறம் பண்ணுங்கன்னா வைக்கவே மாட்டேங்கிறாரு."

அய்யாசாமி ஓடிப்போய் ரிசீவரை எடுத்தார்.

"அண்ணே, அங்க பூத்துருச்சா?"

"பூத்துருச்சுடா." அதற்குமேல் அவரால் அடக்க முடியவில்லை. "கல்யாணத்துக்கு வராதது என் தப்புடா ஜம்பு. பெரிய தப்பு."

ஜம்பு நிதானமாகச் சொன்னான்.

"என்கிட்ட எதுக்குண்ணே சொல்றீங்க? ரயிலேறி வந்து, லதாகிட்ட சொல்லுங்க."